சாப்பாட்டு இடைவேளையில் கடந்த ஆறு மாதம்

அரசாங்கம் ஒருநாள் ஆசிரியர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது. இங்கிலாந்தில் அரசாங்கம் எதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாலும் முதலில் அதற்கு ஒரு பெயர் வைக்கும், பிறகு ஒரு சின்னம் வரையும், அதன் பிறகு ஒரு தலைவரை நியமிக்கும். அப்படி வந்து சேர்ந்ததுதான் 'கற்பித்தல் ஒளி'. ஆசிரியர்களின் தொழில் மேம்பாட்டுக்காக மக்கள் வரிப்பணத்தில் இரவும் பகலும் ஓடுகிற தொலைக்காட்சி. நல்ல ஆசிரியர் பாடம் நடத்துவதைப் படம் பிடித்துக் காட்டினால் மற்றவர்கள் பார்த்துத் திருந்துவார்கள் என்பது திட்டம். அதை அலைவரிசை என்று சொல்லக் கூடாது, சேவை என்றுதான் சொல்ல வேண்டும் என்று முதல் சுற்றறிக்கையிலேயே கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். நாங்கள் 'ஒளி' என்று சொன்னோம்.

பகலில் ஒளி ஓடும்போது நாங்கள் வகுப்பில் இருப்போம். மாலையில் ஓடும்போது நோட்டுத் திருத்திக்கொண்டிருப்போம். யாரும் பார்க்கவில்லை என்பது எப்படியோ மேலிடத்துக்குத் தெரிந்துபோய், ஒவ்வொரு பள்ளியும் வாரம் ஒருமுறை கூட்டமாக உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் தலைமை ஆசிரியை வெரிட்டி பாம்ஃப்ரெட் புதன்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தட்டில் பிஸ்கட்டும் வைத்தார். முதல் வாரம், நோட்டுப் புத்தகங்களை எப்படி விநியோகிப்பது என்று ஒரு படம். இரண்டாவது வாரம், வகுப்பு வாசலில் எப்படி நிற்பது. மூன்றாவது வாரம் பிஸ்கட் வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் குறட்டை விட்டுத் தூங்கினார். அன்றைய அறிக்கையில் வெரிட்டி, 'ஆசிரியர்கள் ஆழ்ந்து உள்வாங்கினார்கள்' என்று எழுதி அனுப்பினார்.

யார்க்ஷயரில் ஸ்கெல்தார்ப் என்ற எங்கள் ஊரைப் பற்றி வெளியில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குறை வெரிட்டிக்கு நீண்ட நாளாக உண்டு. ஆகவே 'மாற்றம்' என்ற புதுத் தொடருக்குப் பள்ளிகள் தேவை என்று ஒளியிலிருந்து கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினார். பிறகுதான் விவரம் தெரிந்தது. சுமாராகப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரைக் கொடுக்க வேண்டும். நிபுணர் வந்து அவரைச் சிறந்த ஆசிரியராக மாற்றிக் காட்டுவார். சுமாரான ஆசிரியர் யார் வருகிறீர்கள் என்று கூட்டத்தில் வெரிட்டி கேட்டார். அவரவர் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று கூட்டத்துக்கு வராதவர் ஒருவர்தான். புவியியல் ஆசிரியர் கென்னத் ஏக்ராய்ட் பல் டாக்டரிடம் போயிருந்தார்.

மறுநாள் வெரிட்டி அவரைக் கூப்பிட்டு, ஒளிக்காக அவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். எதற்காக என்று சொல்லவில்லை. கென்னும் கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. பள்ளியில் யார் விடுப்பு எடுத்தாலும் அந்த வகுப்பு அவர் தலையில்தான் விழும். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அவர் நம்பிவிட்டார். வீட்டில் மனைவி மொரீனிடம் சொன்னார். மொரீனுக்கு ஊர் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. அடுத்த இரண்டு நாளில் ஸ்கெல்தார்ப்பில் சளி, மூட்டுவலி என்று வந்துபோன எல்லாருக்கும் கென் டிவியில் வரப்போவது தெரிந்துவிட்டது. புதுக் கழுத்துப்பட்டை ஒன்றும் வாங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் படக்குழு வந்தது. தயாரிப்பாளர் டாம்சின், லண்டனிலிருந்து வந்த சின்னப் பெண். யாரைப் பார்த்தாலும் 'அற்புதம்' என்பாள். நிபுணர், டாக்டர் கைல்ஸ் மார்ச்பேங்க். கற்பித்தலைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். கற்பித்த அனுபவமும் உண்டு. இரண்டு பருவம் கற்பித்துவிட்டு, அதற்கு மேல் தாங்காது என்று ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

கென் ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்றைப் பற்றி நடத்தினார். ஆறு ஏன் நேராக ஓடாமல் வளைகிறது என்பது பாடம். பலகையில் வளைவை வரைந்தார். வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும், உள்பக்கம் மெதுவாக ஓடி மண்ணைப் படியவிடும், அதனால் வளைவு இன்னும் வளையும் என்று சொன்னார். பழைய ஆலைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் எந்தக் கரையில் வீடு கட்டுவீர்கள் என்று கேட்டார். கெர்ரி ஆன் என்ற பெண், அவள் மாமா தப்பான கரையில் வாங்கிவிட்டார் என்றும், போன குளிர்காலத்தில் தோட்டத்து வேலி ஆற்றோடு போய்விட்டது என்றும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியொன்றும் பிரமாதமான பாடம் இல்லை. பின் வரிசையில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் மணி அடித்தபோது ஆறு ஏன் வளைகிறது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு டாம்சின் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் கொட்டாவி விடச் சொன்னாள். எதற்கென்று கென்னுக்குப் புரியவில்லை. பிள்ளைகள் உற்சாகமாகக் கொட்டாவி விட்டார்கள். ஒருவன் விட்ட கொட்டாவியைப் பார்த்துக் கேமராக்காரருக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மதிய இடைவேளையில் கென் தன் வகுப்பிலேயே உட்கார்ந்து, பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டியைப் பிரித்தார். மார்ச்பேங்க் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க பாடம் நடத்தறீங்க கென். அதுதான் பிரச்சினை."

கென் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதே" என்றார்.

"புரிஞ்சிருச்சு. அதைத்தான் சொல்றேன். இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சிட்டா அப்புறம் அவங்களோட தேடல் என்ன ஆகறது?"

அப்போதுதான் வாசலில் நின்ற டாம்சினின் கையிலிருந்த குறிப்பு அட்டை கென்னின் கண்ணில் பட்டது. காலைக் காட்சிகளுக்கு நேராக 'முன்' என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் 'பின்'. தலைமை ஆசிரியை எல்லாம் சொல்லியிருப்பார் என்று தான் நினைத்ததாக டாம்சின் உண்மையாகவே வருத்தப்பட்டாள். இந்தத் தொடரில் வரும் 'முன்' எல்லாம் ரொம்ப மோசமாக இருக்கும், அவருடையது மிதமான மோசம்தான் என்று ஆறுதலும் சொன்னாள்.

கென் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வெரிட்டியின் அறைக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று பின்னால் அவரே எங்களிடம் சொன்னார். அவர் கோபமாகப் பேசத்தான் போயிருந்தார். வெரிட்டி கதவைச் சாத்திவிட்டு, பள்ளிக்காகத்தான் இதைச் செய்ததாகச் சொன்னார். "வேற யார்கிட்ட கேட்டாலும் மாட்டேன்னு சொல்லிருப்பாங்க கென். நீ மட்டும்தான் எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கென் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. மொரீன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தது வேறு நினைவுக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்லாமல் திரும்பி வந்தார்.

வகுப்பு அதற்குள் மாறியிருந்தது. ஜன்னலில் வசந்தத்தில் பூக்கும் டாஃபடில் பூக்களைப் பிளாஸ்டிக்கில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். கென்னுக்கு வெளிர் நீலச் சட்டை ஒன்று கொடுத்து, கழுத்துப்பட்டையை அவிழ்க்கச் சொல்லி, முடியையும் கொஞ்சம் கலைத்துவிட்டார்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். திரையில் 'ஆறு மாதம் கழித்து' என்று போடுவோம் என்றாள் டாம்சின்.

"ஆறு மாசம் ஆகலையேம்மா."

"பாக்கறவங்களுக்கு ஆயிரும்" என்றாள் டாம்சின்.

ஆறு மாதம் பயிற்சி கொடுக்கத்தான் முதலில் திட்டமாம். ஆனால் நிபுணருக்கு அந்த ஒருநாள்தான் ஒழிந்தது. அதனால் மார்ச்பேங்க் ஆறு மாதப் பயிற்சியையும் நடைபாதையில் நின்றபடியே கொடுத்து முடித்தார். ஆசிரியர் வகுப்பின் முன்னால் நிற்கக் கூடாது. விடை சொல்லக் கூடாது. பிள்ளை எதைக் கேட்டாலும் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆற்றைப் பற்றி அவர்கள் படிக்கக் கூடாது, அவர்களே ஆறாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு நீலத் துணிகளைக் கொடுத்தார்கள். டேரன் என்ற பெரிய உடம்புக்காரப் பையன் பாறை. மற்றவர்கள் ஆறு. மேசைகளுக்கு இடையில் ஆறு ஓடிவந்து பாறையில் மோதியது. பாறை திருப்பி மோதியது. இரண்டு மேசை கவிழ்ந்தது. கத்தலும் சிரிப்புமாக வகுப்பே அதிர்ந்தது. மார்ச்பேங்க் சொன்னபடி கென் ஜன்னலோரமாக வாயை மூடிக்கொண்டு நின்றார். மூச்சிரைக்க கெர்ரி ஆன் அவரிடம் வந்தாள்.

"சார், காலைல நீங்க சொன்னதுல ஒண்ணு மறந்துபோச்சு. வேகமா ஓடறது உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீ என்ன நெனைக்கறே?" என்றார் கென்.

"நெனைச்சுப் பாத்துத் தெரியாமத்தான சார் கேக்கறேன்."

கென் மறுபடியும் அதையே கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குள் திரும்பிப் போனாள். தன்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்தடவை என்று கென் சொன்னார்.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஆசிரியர் அறையில் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். கென் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'முன்' பகுதியில் நிறத்தையெல்லாம் வடித்துவிட்டுச் சாம்பலாக்கியிருந்தார்கள். கென் ஆற்றின் வளைவை வரையும்போது கடிகார முள் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வகுப்புகளில் சத்தம் போடும் கடிகாரமே கிடையாது. கொட்டாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாமா வேலி கதை இல்லை. 'பின்' பகுதியில் வெயில், பூ, வயலின். கெர்ரி ஆன் கேட்ட கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு, எப்போதோ சிரித்த சிரிப்பை அங்கே ஒட்டியிருந்தார்கள்.  இரண்டு வகுப்பும் ஒரே நாள் காலையிலும் மதியமும் நடந்தவை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். படம் முடிந்ததும் வெரிட்டி கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

அதன் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. படம் பெயர் வாங்கிவிட்டது. ஒளியில் ஏதோ ஒன்றை யாரோ பார்க்கிறார்கள் என்பதே பெரிய செய்தி. ஆகவே மேலிடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பள்ளிகளிலும் காட்டச் சொன்னார்கள். விருது கொடுத்தார்கள். விருது விழாவுக்கு வந்த இளநிலை அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

"இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் கொடுத்த அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கு நேரமே இல்லை என்று குறை சொல்கிறார்கள். நாங்கள் காதில் வாங்கிக்கொண்டோம். அதனால்தான் ஒளி பார்ப்பதற்கென்றே வாரத்துக்கு இன்னொரு மணி நேரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்" என்றார். அந்த மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை அவர் ஆசிரியர்களின் படைப்பாற்றலுக்கே விட்டுவிட்டார்.

கென்னுக்கு 'முன்னோடி ஆசிரியர்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போய், தான் எப்படி மாறினார் என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்வது வேலை. வாரத்தில் பாதி நாள் அவர் பள்ளியில் இருக்கமாட்டார். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று வெரிட்டி யோசித்து, கடைசியில் அந்தப் படத்தையே போட்டுக் காட்டச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் ஆறாக ஓடியதைத் தாங்களே உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தமுறை கொட்டாவி விட யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையில் மொரீனைப் பார்க்கிறவர்கள், "உன் வீட்டுக்காரரு முன்னாடியெல்லாம் ரொம்ப மோசமாமே கண்ணு, இப்பப் பரவால்லையாமே" என்று விசாரித்தார்கள். மொரீன் மருந்துச் சீட்டை நீட்டுவாள்.

இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை: கென்னுக்கு இது கொஞ்சம் பிடித்திருந்தது. ஓட்டலில் அறை, மேசையில் அவர் பெயர் எழுதிய அட்டை, பேசி முடித்ததும் கைதட்டல். முதல் கூட்டங்களில் 'ஆறு மாதம்' என்ற இடம் வரும்போது குரல் கம்மும். போகப்போகக் கம்மவில்லை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை கஷ்டப்பட்டார் என்று ஒருமுறை ஒருவர் கேட்க, நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது என்று கென் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கூட்டம் உருகிப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அதையும் சேர்த்துச் சொன்னார்.

கடற்கரை ஊர் ஒன்றில் அப்படிப் பேசி முடித்த மாலை, எல்லாரும் போன பிறகு ஓர் இளம்பெண் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி அவரிடம் வந்தாள். ஹெதர் லம்லி என்று பெயர் சொன்னாள். அவளும் புவியியல்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதேபோல நீலத் துணி வாங்கி, அதேபோல நடத்தியதாகச் சொன்னாள். ஒரு பெண் பிள்ளை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளாம். தேர்வில் ஆற்றைப் பற்றிய கேள்விக்கு வகுப்பில் பாதிப்பேர் படம் வரைந்து நீலம் தீட்டி வைத்திருந்தார்களாம். பள்ளி ஆய்வாளர்கள் வந்து, ஏக்ராய்டின் முறையை அவள் மனமொன்றிச் செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்களாம். இந்தப் பருவம் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

அவள் அழவில்லை. சந்தேகம் கேட்கும் மாணவிபோல நின்றாள்.

"நீங்க ஆறே மாசத்துல மாறிட்டீங்க மிஸ்டர் ஏக்ராய்ட். நான் படம் வந்த நாள்லேர்ந்து முயற்சி பண்றேன். என்னால முடியல. நீங்க உண்மையச் சொல்லுங்க. எங்கிட்ட என்ன கொறை?"

சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வரி. அது ஆறு மாதம் இல்லை, மதியச் சாப்பாடு. அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்ததாகத்தான் கென் சொன்னார். பக்கத்தில் ஊழியர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரும் படமும் போட்ட துணி இன்னும் மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விடாம முயற்சி பண்ணு கண்ணு" என்றார் கென். "எல்லாம் வந்துரும்."

அவள் நன்றி சொன்னாள். கை குலுக்கினாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கென் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மொரீன் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு ஒன்னத்தான கேட்டா. டிவியக் கேக்கலையே" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஃபோனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஹெதரின் பள்ளி எண்ணைக் கண்டுபிடித்துப் பேசுவதற்கு அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு ஒருநாள் கூப்பிட்டார். அலுவலகத்தில் எடுத்தவர், மிஸ் லம்லி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். தானாகவே விட்டாளா என்று கென் கேட்டார். தானாகவே விடும்படி சொன்னதாக அந்த அம்மாள் விளக்கினார். பிறகு, பேசுவது யார் என்று கேட்டார். கென் பெயரைச் சொன்னதும் குரல் மலர்ந்துவிட்டது. அந்தக் காலியிடத்துக்கு அவரைப்போல மாறிய ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் பர்மிங்காமில் ஒளியின் ஆண்டு மாநாடு. பெரிய அரங்கு, நாலு பக்கமும் திரை. தன் முறை வந்ததும் கென் மேடையேறி, சட்டைப்பையிலிருந்த உரையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு சொன்னார். காலையில் நடத்தியதுதான் தன்னுடைய பாடம். மதியம் நடத்தியது பாடமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரொட்டி இருந்தது, அதையும் தான் முழுதாகச் சாப்பிடவில்லை. கொட்டாவி சொல்லிக்கொடுத்தது. பூ பிளாஸ்டிக். இதை நம்பி ஒரு பெண் வேலையை இழந்துவிட்டாள், அவளிடம் தான் சொன்னது தெரிந்தே சொன்ன பொய். ரொட்டியைப் பற்றிச் சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வந்துவிட்டிருந்தது.

 இத்தோடு எல்லாம் முடிந்தது என்று கென் நினைத்தார். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

முன் வரிசையில் இருந்த மார்ச்பேங்க் மெதுவாக எழுந்து மைக்கை வாங்கினார். "நண்பர்களே, இப்போது நாம் கண்ணால் பார்த்ததற்குப் பெயர்தான் ஆழ்ந்த சுயசிந்தனை. தன் மாற்றத்தையே கேள்வி கேட்கும் அளவுக்கு இந்த மனிதர் மாறியிருக்கிறார். நம் முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை" என்றார். அரங்கு முழுவதும் எழுந்து நின்று தட்டியது. இளநிலை அமைச்சரும் எழுந்தார். எதற்காக என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டே தட்டினார்.

மேடைக்குப் பின்னால் டாம்சின் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். 'நேர்மை' என்று ஒரு புதுத் தொடர் மனதில் வந்துவிட்டதாகவும் இதுதான் அதில் முதல் படம் என்றும் சொன்னாள். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லை. "கண்ணீரும் கொஞ்சம் முன்னாடியே வந்துருச்சு சார். அந்தப் பொண்ணப் பத்திச் சொல்றப்ப வந்தா அற்புதமா இருக்கும். இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்றாள்.

கென் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். காலி அரங்கில் மறுபடி மேடையேறிச் சொன்னார். விளக்கை மாற்றி வைத்து மூன்றாவது முறையும் சொன்னார். மூன்றாவது முறை கண்ணீர் சரியான இடத்தில் வந்தது. அது எப்படி வந்தது என்பதுதான் அவருக்கு இன்றுவரைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது. அந்த இடத்தில் வர வேண்டும் என்று நினைத்தார், வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவர் வெரிட்டியிடம் போய், இனி எங்கும் போகமாட்டேன், பட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழிமுறை எதுவும் இல்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. 'நேர்மை' படம் நல்ல பெயர் வாங்கியது. எங்களுக்கும் புதன்கிழமையில் போட்டுக் காட்டினார்கள். கென் அன்று வரவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளாமல் கலைந்து போனோம்.

அவர் ஹெதரைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். அந்தக் கடற்கரை ஊரில் கடைத்தெருவிலிருந்த ஒரு காலணிக் கடையில் அவள் வேலை செய்வதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். சனிக்கிழமை, கடை நிறையப் பிள்ளைகளும் தாய்மார்களும். புதுப் பருவத்துக்குப் பள்ளிக் காலணி வாங்கும் நேரம். கென் வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் ஒவ்வொரு குழந்தையின் முன்னாலும் மண்டியிட்டு, காலைப் பிடித்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முறை வந்தபோதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எந்த அளவு என்று கேட்டாள்.

கென் அளவைச் சொன்னார். அவள் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். அந்த நிலையில்தான் கென் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே நாள் என்றார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஆறு மாதம் என்று எதுவும் இல்லை. மேடையில் சொன்னதுபோல அது வரவில்லை. வார்த்தை தடுக்கித் தடுக்கி வந்தது.

அவள் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கி நான் ஒங்களக் கேட்டப்ப இது ஒங்களுக்குத் தெரியுந்தான?"

"தெரியும்."

அவள் தலையாட்டினாள். அவர் காலைக் காலணிக்குள் நுழைத்துவிட்டாள்.

"அந்தப் படத்துல மொதல்ல நீங்க நடத்துவீங்களே, பலகையில வளைவு வரைஞ்சு. நான் அப்படித்தான் நடத்திக்கிட்டிருந்தேன். எங்க பிள்ளைங்களுக்கு நல்லாத்தான் புரிஞ்சுது. கொட்டாவியெல்லாம் விடல. அது தப்புன்னு நீங்க காட்டினதுக்கப்புறந்தான் அப்படி நடத்தறத விட்டேன்."

 மன்னிப்புக் கேட்கத்தான் கென் அத்தனை தூரம் ரயில் ஏறி வந்திருந்தார். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தபோது, இதையெல்லாம் எத்தனை முறை விளக்கு வெளிச்சத்தில் சொல்லியாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. கடைக்காரர் ஹெதரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கயிற்றைக் கட்டி முடித்தாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றார் கென்.

அவள் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலால் காலணியின் நுனியை ஒரு பக்கமாக அழுத்திப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் அழுத்தினாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிக்குது மிஸ்டர் ஏக்ராய்ட். எனக்கே தெரியுது. இதக்கூட ஏன் சொல்லமாட்டேங்கறீங்க?"

கென் குனிந்து தன் காலைப் பார்த்தார். 

"ஆமா கண்ணு" என்றார். "கடிக்குது."

அவள் கயிற்றை அவிழ்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த அளவு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.